சீனக் குடும்பங்களில் பிள்ளைகளும் வீட்டு வேலையும்: யார் பங்குக்கு எவ்வளவு?

தாமரை_பினாங்கு

வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டில் ஹொக்கியன் சீனக் குடும்பம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள், எல்லாரும் ஒரே வீட்டில். பெரியவள் இடைநிலைப் பள்ளி, அடுத்தவன் தொடக்கப் பள்ளியில் கடைசி வகுப்பு, சின்னவளுக்கு ஆறு வயது இருக்கும். மாலையானால் பெரியவள் அரிசி களைந்து குக்கரில் வைக்கிறாள். அடுத்தவன் குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்கிறான். சின்னவள் கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் எடுத்து வைத்து, ஆ கோங் (தாத்தா), ஆ மா (பாட்டி) என்று மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவரையும் சாப்பிட அழைக்கிறாள். அழைத்து முடிக்கும் வரை பிள்ளைகள் யாரும் சாப்பாட்டில் கை வைப்பதில்லை.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு வேலைக்கும் நான் தொண்டை வற்றக் கத்த வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

இது கன்பூசியஸ் காலத்துப் பாடமா, இல்லை வறுமை கற்றுக்கொடுத்ததா? சீனாவில் இன்றைக்கும் இப்படித்தானா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி

பாடம்தான் தாமரை, மிகப் பழைய பாடம். பழைய சண்டையும்கூட.

கன்பூசியஸின் சீடர்களில் ட்சூஷியா என்று ஒருவர். தன்னிடம் வரும் பையன்களுக்கு அவர் முதலில் பழக்கியது தண்ணீர் தெளித்துக் கூட்டுவது, பெரியவர் கேட்டால் பதில் சொல்வது, எப்போது முன்னே வர வேண்டும் எப்போது ஒதுங்க வேண்டும் என்பது. சக சீடர் ட்சூயூவுக்கு இது பிடிக்கவில்லை. இதெல்லாம் கிளை, வேரை எங்கே காணோம் என்று கேட்டார். எதை முதலில் கற்பிப்பது, எதைப் பிறகு கற்பிப்பது என்பதில் ஒழுங்கு உண்டு, எல்லாச் செடியும் ஒன்றல்ல என்பது ட்சூஷியாவின் பதில். கன்பூசியஸின் உரைத்தொகுப்பில் 19ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது.

ஜெயித்தவர் ட்சூஷியாதான் என்று சொல்லலாம். 12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற அறிஞர், பழங்காலத்தில் அரசன் மகனும் குடியானவன் மகனும் 8 வயதில் பள்ளிக்குப் போனதும் இந்தத் தெளித்துக் கூட்டுவதில்தான் தொடங்கினார்கள் என்று எழுதிவைத்தார். பின்னாளில் சீனக் கல்வியில் ஜூ ஷி வைத்ததே சட்டம். 17ஆம் நூற்றாண்டில் ஜூ போலு என்பவர் குடும்பத்துக்கென்று எழுதிய அறிவுரை, விடிந்ததும் எழு, முற்றத்தைத் தெளித்துக் கூட்டு என்றுதான் ஆரம்பிக்கிறது. அதை அழகெழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. ஹான் வம்சக் காலத்தில் சென் ஃபான் என்ற பையனுக்கு 15 வயது. தகப்பனாரின் நண்பர் வீட்டுக்கு வந்தார். அறை முழுக்கக் குப்பை. விருந்தாளி வருகிறேனே, கூட்டி வைக்கக் கூடாதா என்று கேட்டார். ஆண்மகன் உலகத்தையே பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டியவன், ஓர் அறையைப் பற்றி அவனுக்கென்ன என்றான் பையன். அந்தக் காலத்துச் சரித்திரம் அதைப் பெருமையாகத்தான் பதிவு செய்தது. பிற்காலத்தவர் திருப்பிப் போட்டார்கள்: ஓர் அறையைக் கூட்டாதவன் உலகத்தை எப்படிக் கூட்டுவான்? இன்றும் சீனப் பள்ளிக்கூடக் கட்டுரைகளில் இந்தக் கேள்வியைத்தான் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, சீன மரபில் பிள்ளை வேலை செய்வதை அம்மாவுக்கு ஒத்தாசை என்று பார்ப்பது குறைவு. அந்த வீட்டில் தனக்கு என்ன இடம் என்று பிள்ளை அறிந்துகொள்ளும் வழி அது. உங்கள் பக்கத்து வீட்டில் சின்னவள் வரிசையாகக் கூப்பிடுகிறாளே, அதுவும் இதில் சேர்ந்ததுதான்.

குறிஞ்சி_கோவை

ஐயா, எல்லாம் சரி. நீங்கள் சொன்ன அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை மாணவர்களும் ஆண்பிள்ளைகள். ஜூ போலு வீட்டு முற்றத்தை நிஜமாகவே கூட்டியது யார்? அவர் மகனா?

ஏட்டுச்சுவடி

குறிஞ்சி கேட்டது நியாயம். பெண்பிள்ளைக்கு எழுதிய பாடம் வேறு மாதிரி. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பான் சாவ் பெரிய அறிஞர், சரித்திரம் எழுதியவர், பெண். தன் வீட்டுப் பெண்களுக்கு எழுதிய அறிவுரையில் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்கிறார். பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அதைக் கட்டிலுக்குக் கீழே கிடத்துவார்கள், விளையாட ஓட்டுத் துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள், முன்னோரிடம் பிறப்பை அறிவிப்பார்கள். கீழே கிடத்துவது பணிவுக்கு, ஓட்டுத் துண்டு உழைப்புக்கு. பையனுக்கு 8 வயதில் தொடங்கும் பாடம் பெண்ணுக்குப் பிறந்த மூன்றாம் நாளே தொடங்கிவிட்டது.

முத்துநதி_குவாங்சோ

துணி வியாபாரத்துக்காகக் குவாங்சோவில் இருக்கிறேன். தாமரை அக்கா சொல்லும் காட்சியை இங்கே அடுக்குமாடிகளில் தேடினால் சுலபமாகக் கிடைக்காது. நகரத்து அப்பா அம்மா பிள்ளையிடம் அடிக்கடி சொல்வது: நீ ஒழுங்காகப் படி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1980இல் கொண்டுவந்த ஒற்றைப் பிள்ளைத் திட்டம் 2015 கடைசி வரை இருந்தது. தாத்தா பாட்டி நால்வர், அப்பா, அம்மா, நடுவில் ஒரே பிள்ளை. வேலையைப் பிரித்துக்கொள்ள அண்ணனும் இல்லை, தங்கையும் இல்லை. பக்கத்திலேயே ஓய்வுபெற்ற பாட்டி இருக்கிறார், அவரே சமைத்து, தட்டில் போட்டு, பழம் நறுக்கிப் படிக்கும் மேசையில் கொண்டுவந்து வைக்கிறார். பிள்ளைக்கு இருக்கும் ஒரே வேலை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு.

பள்ளியில் நிலைமை வேறு. அங்கே மாணவர்கள்தான் முறை வைத்து வகுப்பறையைக் கூட்டி, கரும்பலகை துடைத்து, குப்பை கொட்டுகிறார்கள். வீட்டில் துடைப்பத்தைத் தொடாத பையன் பள்ளியில் முறை தவறாமல் கூட்டுவதைப் பார்க்கலாம்.

இது அரசாங்கத்துக்கும் உறுத்தியது. 2022 ஏப்ரலில் கல்வி அமைச்சகம் உழைப்புக் கல்விக்குத் தனிப் பாடத்திட்டம் வெளியிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு பாடவேளையாவது கட்டாயம். சமையல் பகுதியைப் படித்துப் பார்த்தேன், வயதுக்குத் தக்கபடி அழகாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு வகுப்பில் காய் கழுவுவது, தோல் உரிப்பது. மூன்று, நான்கில் முட்டை அவிப்பது, பன் சூடாக்குவது. ஐந்து, ஆறில் தக்காளியும் முட்டையும் போட்டு வதக்குவது போல வீட்டுச் சமையலில் இரண்டு மூன்று வகை. ஏழாம் வகுப்புக்கு மேல் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கும் என்ன சமைப்பது என்று திட்டமிட்டு, மூன்று நான்கு வகை தானாகவே செய்ய வேண்டும்.

நடப்பில் எப்படி என்றால், பிள்ளை கரண்டி பிடிப்பதை அம்மா படம் எடுத்து ஆசிரியரின் வீசாட் குழுவுக்கு அனுப்பிவிட்டு, கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. அப்படியும் எனக்கு இந்தப் பாடத்திட்டம் பிடித்திருக்கிறது. பையன், பெண் இருவருக்கும் ஒரே பட்டியல்.

கிராமம் தனிக் கதை. பெற்றோர் இருவரும் தொழிற்சாலைக்கு வெளியூர் போய்விட, பெரும்பாலும் தாத்தா பாட்டியோடு விடப்பட்ட பிள்ளைகளை 2016இல் அரசு கணக்கெடுத்தபோது 90 லட்சத்துக்கு மேல் வந்தது. எங்கள் கிடங்கில் சரக்குக் கட்டும் பெண்ணின் மகன் ஊரில் பாட்டியோடு இருக்கிறான். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது முதல் பன்றிக்குத் தீனி வைப்பது வரை அவன்தான். சாப்பாட்டு இடைவேளையில் அவள் வீடியோவில் அவனிடம் கேட்கும் முதல் கேள்வி, இன்றைக்கு என்ன சமைத்தாய் என்பதுதான். அவனுக்குப் பாடத்திட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

செம்பருத்தி_ஈப்போ

நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன். மரபான சீனக் குடும்பம் என்று நாம் மெச்சும் படத்தில் ஒரு மூலை எப்போதும் விட்டுப்போகிறது.

வசதியான வீடுகளில் அந்தத் தெளிப்பதும் கூட்டுவதும் பல நேரம் இன்னொருவர் வீட்டுப் பெண்பிள்ளை செய்தது. ஏழைத் தகப்பன் காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்ட சிறுமி. முய் சாய் என்று கான்டனீஸில் சொல்வார்கள். தென்சீனா, ஹாங்காங், நம் மலாயா எங்கும் இருந்தது. ஏழெட்டு வயதில் வந்து, தன் வயதே உள்ள வீட்டுப் பிள்ளைக்கு முகம் கழுவத் தண்ணீர் எடுத்து வைப்பாள். சம்பளம் கிடையாது. நல்ல வீடாக இருந்தால் வளர்ந்ததும் கல்யாணம் செய்து அனுப்புவார்கள். எல்லா வீடும் நல்ல வீடாக இருக்கவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் 1932இல் சட்டம் வந்தது: இனி யாரும் புதிதாக வாங்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவர்களைப் பதிவு செய்ய வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு இருந்தது என்பதை யோசியுங்கள்.

சொந்த மகளின் நிலைமையும் பாருங்கள். தென்சீனாவின் ஷுன்டே பகுதியில் பட்டு நூற்பில் சம்பாதித்த பெண்கள் சிலர் கல்யாணமே வேண்டாம் என்று சடங்கு செய்து, கூந்தலைத் தாங்களே வாரி முடிந்துகொண்டார்கள். 1930களில் பட்டுத் தொழில் படுத்ததும் அவர்களில் பலர் கப்பலேறி சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தார்கள். 1933இல் வந்த கட்டுப்பாடு சீன ஆண்களின் வரவைத்தான் குறைத்தது, பெண்களுக்கு 1938 வரை வழி திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்ட ஆமாக்கள் என்ற அந்த வீட்டுப் பணிப்பெண்களை ஈப்போ, பினாங்கு பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். பிறர் வீட்டில் சமைத்து, பிறர் பிள்ளையை வளர்த்துச் சேர்த்த காசு ஊருக்குப் போனது. தம்பி வீடு கட்டினான், தம்பி மகன் படித்தான். திரும்பிப் போனால் பிறந்த வீட்டில் சாக அவளுக்கு இடம் இல்லை, வழக்கம் அப்படி. அதனால் அவர்களே காசு போட்டு முதுமைக்கென்று கூட்டு இல்லங்கள் கட்டிக்கொண்டார்கள். ஷுன்டேயில் அப்படி ஒன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

வீட்டுப் பொறுப்பில் பங்கு, வீட்டில் பங்கு இல்லை. பிள்ளைகள் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று சொல்லும்போது இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது.

கரிசல்

செம்பருத்தி எழுதியதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அது நகரமும் வசதியும் உள்ள பக்கம். அந்தக் காலத்தில் பெரும்பாலான சீனர்கள் குடியானவர்கள். அங்கே பிள்ளையின் கை இல்லாமல் வீடு ஓடாது, பையனுக்கும் விலக்கு இல்லை. எருமை மேய்ப்பது, விறகு பொறுக்குவது, பன்றிக்குக் கீரை அறுப்பது, தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு திரிவது, பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை பறித்துப் போடுவது எல்லாம் பிள்ளைகள் கணக்கில்தான்.

ஃபெய் ஷியாவோதோங் என்ற சமூகவியலாளர் 1936இல் தாய்ஹு என்ற ஏரியின் கரையில் கைஷியான்கோங் என்ற கிராமத்தில் தங்கி எழுதியவை எனக்கு மறக்காது. அங்கே ஆடு வளர்த்தார்கள், ஆனால் மேய்ச்சல் நிலம் இல்லை. ஆட்டைக் கொட்டகையிலேயே கட்டிவைத்துப் புல் அறுத்துக் கொண்டுவந்து போட வேண்டும். அது பிள்ளைகளின் வேலை. பள்ளிக்கூடமோ நகரத்து நாட்காட்டியில் நடந்தது. ஊரில் வேலை குறைவான மாதங்களில் பள்ளிக்கு விடுமுறை, கை தேவைப்படும் மாதங்களில் பாடம். படிக்காத பெற்றோர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்? பெயர்ப் பட்டியலில் பிள்ளைகள் நிறைய, வகுப்பில் ஆள் இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, நாட்காட்டி பொருந்தவில்லை, அவ்வளவுதான். நம் கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

பெண்பிள்ளை விஷயத்தில் இன்னும் ஒன்று சேர்க்கிறேன். சிறுமிகளின் பாதத்தை இறுகக் கட்டி வளரவிடாமல் செய்த, பாதம் கட்டும் வழக்கத்தை அழகுக்காக, கல்யாணத்துக்காக என்றே கேட்டு வந்திருக்கிறோம். லாரல் போசன், ஹில் கேட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பல மாகாணக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூதாட்டிகளிடம் கேட்டார்கள். நூல் நூற்பு, நெசவு போன்ற கைவேலை வீட்டுக்கு வருமானம் தந்த இடங்களில்தான் பாதம் கட்டுவது வலுவாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. ஓடியாடும் வயதுச் சிறுமியை ராட்டினத்தின் முன்னால் உட்கார வைக்க அது ஒரு வழி. வயலில் இறங்கி உழைத்த ஹக்கா என்ற சீனப் பிரிவுப் பெண்கள் பாதம் கட்டவே இல்லை.

மூத்த மகன் பற்றியும் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் அண்ணனே தகப்பன் என்பது அவர்கள் வழக்கு. தம்பிமாரைப் படிக்கவைப்பது, கல்யாணம் செய்துவைப்பது, முன்னோருக்குப் படையல் போடுவது எல்லாம் அவன் தலையில். ஆனால் அதற்கு ஈடு உண்டு. குடும்பம் பிரியும்போது சொத்து மகன்களுக்குச் சமமாகத்தான் போகும், இருந்தாலும் பல ஊர்களில் மூத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குவார்கள். பாகம் பிரிக்கும்போது நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் பெரும்பாலும் தாய்மாமன். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பஞ்சாயத்துத் திண்ணைதான் கண்ணில் வந்தது. பிரிந்ததற்கு அடையாளம் அடுப்பு. தனி அடுப்பு மூட்டிவிட்டால் தனிக் குடும்பம்.

அதற்கப்புறம் வயதானவர்கள்? தைவானிலும் ஃபூஜியனிலும் முறைச் சாப்பாடு உண்டு. இந்த வாரம் மூத்த மகன் வீட்டில், அடுத்த வாரம் இரண்டாமவன் வீட்டில் என்று தாயும் தகப்பனும் சுற்றி வருவார்கள். வாரக் கணக்கோ மாதக் கணக்கோ, அது குடும்பத்தைப் பொறுத்தது. சின்ன வயதில் வேலையைப் பிரித்துக்கொண்ட பிள்ளைகள் வளர்ந்தபின் பெற்றோரைப் பிரித்துக்கொள்வது இப்படித்தான்.

இதை வைத்துத்தான் செம்பருத்தியின் பேச்சு எனக்குச் சரியாகப் படுகிறது. பையன் சுமந்த பாரத்துக்கு முடிவில் ஒரு பங்கு காத்திருந்தது. பெண் அதே வயதில், பல நேரம் அவனுக்கு முன்பே வேலையில் இறங்கி, கையில் ஒன்றும் இல்லாமல் வேறு வீட்டுக்குப் போனாள்.

குறிஞ்சி_கோவை

முறைச் சாப்பாடு என்றால் சமைப்பது மருமகள்கள்தானே? அப்படியானால் மகன் பங்கு என்பதும் பெயருக்குத்தான்.

கரிசல்

ஆமாம் அம்மா. கணக்கு மகன் பெயரில், கரண்டி மருமகள் கையில்.

தாமரை_பினாங்கு

எல்லாருக்கும் நன்றி. செம்பருத்தி அக்கா எழுதியதைப் படித்த பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். வாசலில் தட்டு நிறையத் தௌகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பயறு முளைதான். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முளையாக எடுத்து, நகத்தால் நுனி வேரைக் கிள்ளி, பச்சைத் தோல் ஒட்டியிருந்தால் உதறி, தண்ணீர்ப் பாத்திரத்தில் போட வேண்டும். கிள்ளாமலும் சமைக்கலாம். ஆனால் பாட்டி விடமாட்டார். சின்னவள் போட்ட முளைகளைப் பாட்டி தண்ணீரில் அளைந்து பார்த்து, வால் விடுபட்டதை எடுத்து ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கம் திரும்ப வைத்தார். அவளும் ஒன்றும் சொல்லாமல் கிள்ளிப் போட்டாள்.

பாட்டிதான் அவர் வீட்டில் மூத்த பெண். அப்பாவுக்கு மீ (நூடுல்ஸ்) கடை. விடியுமுன் எழுந்து இறால் உரிப்பாராம், பிறகு தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு கிண்ணம் கழுவுவாராம். பள்ளிக்கு இரண்டு மூன்று வருடம்தான் போனார். தம்பிகள் எல்லாரும் படித்தார்கள். கடை தம்பிக்குப் போனது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் பேரனைக் கைகாட்டி, துணி மடிப்பதை அவனுக்குக் கொடுத்தது நான்தான் என்றார். மருமகள் முதலில் அதைப் பெரியவளிடம் கொடுத்திருந்தாராம், பாட்டிதான் மாற்றியிருக்கிறார்.

ஆக, அந்த வீட்டில் நான் பார்த்த ஒழுங்கு ஆயிரம் வருடமாக அப்படியே வந்ததல்ல. ஒரு பாட்டி உட்கார்ந்து திருத்தியது.

சிங்கை_ஆசிரியை

தாமரை, உங்கள் வீட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். என் வகுப்பில் சீனப் பிள்ளைகள் அதிகம். வேலையைச் சரியாகச் செய்யும் பிள்ளைகளிடம் ஒன்று கவனித்திருக்கிறேன்: அவர்களுடைய வேலை நாளுக்கு நாள் மாறுவதில்லை. மீன் தொட்டி அவனுடையது என்றால் அவனுடையதுதான். அம்மா அதில் கை வைக்கமாட்டார், அக்காவும் வைக்கமாட்டாள். நாம் அவசரத்துக்கு யார் கண்ணில் படுகிறார்களோ அவர்களைக் கூப்பிடுகிறோம். அங்கேதான் கத்தல் ஆரம்பிக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு வேலை நிரந்தரமாகக் கொடுத்துப் பாருங்கள். சரியாகச் செய்யாவிட்டால் நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பாட்டி முளையைத் திரும்ப வைத்தாரே, அதைச் செய்யுங்கள்.

காசு கொடுப்பது பற்றி யாராவது கேட்பார்கள். அந்த வீடுகளில் பிள்ளைக்குக் காசு வருவது பெருநாளுக்குச் சிவப்பு உறையில் வைத்துத் தரும் அங்பாவில். வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

ஏட்டுச்சுவடி

ஆசிரியை சொன்னதோடு ஒன்று. கன்பூசியஸிடம் ஒருமுறை அதே ட்சூஷியா பெற்றோரிடம் காட்டும் பக்தி எது என்று கேட்டார். வேலை வந்தால் இளையவர் செய்வதும், நல்ல சாப்பாடு இருந்தால் மூத்தவருக்கு முதலில் கொடுப்பதும் மட்டுமா பக்தி, கடினமானது முகம்தான் என்றார் அவர். எந்த முகத்தோடு செய்கிறாய் என்பது. பையனுக்கு வேலை பழக்குவதையே பாடமாக வைத்த மனிதருக்குக் கிடைத்த பதில் இது.

செம்பருத்தி_ஈப்போ

தாமரை, பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குக்கர் வைப்பது மட்டும் இன்னும் பெரியவளிடம்தான் இருக்கிறது, அதையும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

கரிசல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஒற்றை மகள் மட்டும் உள்ள வீட்டில் இன்று பெற்றோர் பொறுப்பு எப்படி?

கரிசல்

சட்டப்படி மகன், மகள் வேறுபாடு இல்லை. பெற்றோரைப் பேணும் கடமை பிள்ளைகளுக்கு உண்டு என்று 1950 திருமணச் சட்டமே சொன்னது. 1985 வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்கும் சம பங்கு என்றது. கிராம வழக்கம் பல இடங்களில் இன்னும் பின்னால்தான் நிற்கிறது. நகரத்தில் ஒற்றை மகள் தன் பெற்றோர் இருவரையும் தானே பார்க்கிறாள், கணவனும் ஒற்றைப் பிள்ளையாக இருந்தால் அவன் பெற்றோரும் சேர்ந்து நால்வர். முறைச் சாப்பாட்டுக்கு அங்கே வழியே இல்லை. இது புரிந்துதான் ஹெனான் மாகாணம் 2016இல் ஒரு விதி கொண்டுவந்தது: ஒற்றைப் பிள்ளையின் பெற்றோர் 60 வயது தாண்டி மருத்துவமனையில் சேர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 20 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. பிறகு வேறு மாகாணங்களும் அதுபோலக் கொண்டுவந்தன. தனியார் நிறுவனங்கள் எத்தனை அதை முகம் சுளிக்காமல் தருகின்றன என்பதைக் குவாங்சோவிலிருக்கும் முத்துநதிதான் சொல்ல வேண்டும்.